மாவு மில் மாடியில் இயற்பியல் வேதியியல்

தண்டையார்பேட்டை மெட்ரோ நிலையத்தில் இறங்கிச் சிறிது தூரம் நடந்தால் ஒரு மாவு மில் வரும். அதன் மாடியில்தான் இந்த டியூஷன். பெயர்ப்பலகை கிடையாது, மில்லில் கேட்டால் மேலே கை காட்டுவார்கள். நான் பி.எஸ்சி. வேதியியல் மூன்றாம் ஆண்டு. இரண்டு அரியர், இரண்டுமே இயற்பியல் வேதியியல். நான்கு மாதமாகப் போகிறேன். மாதம் 1,200 ரூபாய்.

முதல் நாளே சார் என்னைக் கரும்பலகைக்கு அழைத்து, அழுத்தம் மாறினால் கொதிநிலை எப்படி மாறும் என்று சொல்லும் கிளாசியஸ்-கிளாபிரான் சமன்பாட்டை வருவிக்கச் சொன்னார். மனப்பாடம்தானே, கடகடவென்று எழுதிவிட்டேன். "சரிம்மா, இதில் எந்தெந்த வரியில் பொய் சொல்லியிருக்கிறாய்?" என்றார். விழித்தேன். ஆவியின் கனஅளவுக்கு முன்னால் நீரின் கனஅளவு ஒன்றுமில்லை என்று தள்ளியது முதல் பொய். அது எவ்வளவு சின்னப் பொய் என்று பார்க்க, ஒரு மோலுக்குக் கணக்குப் போடவைத்தார். 100 டிகிரியில் நீராக இருந்தால் 19 மில்லிகூட இல்லை. ஆவியானால் 30 லிட்டருக்கு மேல். ஆவியை நல்லியல்பு வாயு, அதாவது மூலக்கூறுகள் ஒன்றையொன்று இழுக்காத கற்பனை வாயு, என்று வைத்துக்கொண்டது இரண்டாவது பொய். வெப்பநிலை ஏறினாலும் ஆவியாதல் வெப்பம் மாறாது என்றது மூன்றாவது.

இந்த மூன்று பொய்களையும் வைத்துக்கொண்டே பிரஷர் குக்கருக்குக் கணக்குப் போட்டோம். உள்ளே இரண்டு வளிமண்டல அழுத்தம், ஆவியாதல் வெப்பம் மோலுக்கு 40.7 கிலோஜூல். கொதிநிலை 121 டிகிரி என்று வந்தது. வீட்டுக்கு ஓடிப்போய் அம்மாவிடம் சொன்னேன். "அப்படியானால் துவரம்பருப்புக்கு எத்தனை விசில்?" என்று கேட்டார். அதற்குச் சமன்பாடு இல்லை.

வெப்ப இயக்கவியலுக்கும் மின்வேதியியலுக்கும் கண்ணை மூடிக்கொண்டு சேரலாம். குவாண்டத்துக்காகச் சேராதீர்கள். பெட்டிக்குள் துகள் பாடத்தில், துகள் எங்கே இருக்க வாய்ப்பு என்று சொல்லும் அலைச்சார்பை எழுதி, முன்னால் ஒரு வர்க்கமூலத்தையும் போட்டுவிட்டு அடுத்த பக்கத்துக்குத் தாவினார். அது எங்கிருந்து வந்தது என்று கேட்டேன். "தேர்வுக்கு இது போதும்மா" என்றார். பொய்யைத் தேடச் சொன்ன அதே மனிதர்! இரவு நானே போட்டுப் பார்த்தேன். சைன் வர்க்கத்தைப் பெட்டியின் இந்த முனையிலிருந்து அந்த முனை வரை தொகையிட்டால் நீளத்தில் பாதி வருகிறது. துகள் பெட்டிக்குள் எங்காவது இருந்தே ஆக வேண்டும், மொத்த நிகழ்தகவு ஒன்று. அதற்காகத்தான் முன்னால் அந்த வர்க்கமூலம். இரண்டு வரி வேலை. இதற்கா இவ்வளவு அவசரம்?

மாலை ஆறு மணி வகுப்பில் இன்னொரு தொல்லை. கீழே மிளகாய் அரைக்க ஆரம்பித்தால் நெடி மாடியேறி வந்துவிடும். என்ட்ரோபியை, அதாவது எல்லாம் எவ்வளவு சிதறிப் பரவியிருக்கிறது என்ற அளவை, விளக்க அதைவிட நல்ல எடுத்துக்காட்டு இல்லை என்று சார் இருமிக்கொண்டே சொல்வார். ஞாயிறு காலை மில் மூடியிருக்கும். அந்த வகுப்பில் இப்போது இடமில்லை, நானும் சொல்லிவைத்திருக்கிறேன்.