பாத்டப் வாங்குகிறவர்களுக்கு: பல வருடப் புழக்கத்தில் பார்த்தவை

எங்கள் வீட்டில் இருப்பது அக்ரிலிக் பாத்டப். இத்தனை வருடப் புழக்கத்தில் தொட்டி மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. வேலை வைப்பதெல்லாம் அதைச் சுற்றியிருப்பவைதான்.

முதலில் கீசர். தோள்வரை மூழ்கிக் கிடக்க சாதாரணத் தொட்டிக்கே 150 லிட்டர் வேண்டியிருக்கும். 25 லிட்டர் கீசரில் 65 டிகிரிக்குக் காய்ந்த நீரை, 25 டிகிரி பச்சைத் தண்ணீரோடு விளாவினால் குளிக்கிற சூட்டில் அதிகபட்சம் 70 லிட்டர் தேறும். 2 கிலோவாட் கீசர் அடுத்த 25 லிட்டரைக் காய்ச்ச அரை மணிக்கு மேல் எடுக்கும். அதற்குள் முதலில் விட்ட தண்ணீர் ஆற ஆரம்பித்துவிடும். அதனால் தொட்டியின் அழகைப் பார்ப்பதற்கு முன் கீசரின் அளவைப் பாருங்கள்.

அப்புறம், தொட்டிக்கும் சுவருக்கும் நடுவிலுள்ள இடுக்கை அடைக்க ஓரத்தில் பூசும் சிலிக்கோன் பசை. எங்களுக்குத் தொட்டி பதித்தவர் அதைப் பூசும் முன் தொட்டி நிறையத் தண்ணீர் விட்டார். அந்தப் பாரத்தில் தொட்டி இம்மியளவு கீழே இறங்கியது, சுவரோரம் மெல்லிய இடைவெளி தெரிந்தது. அந்த நிலையிலேயே பூசி, காயும்வரை தண்ணீரை வடித்துவிடவில்லை. காலித் தொட்டியில் பூசியிருந்தால் ஒவ்வொரு முறை நிரப்பும்போதும் இழுபட்டுப் பிளந்து, நீர் சுவருக்குள் கசிந்திருக்கும். நல்ல வேலைக்காரர் அமைவது பெரிய விஷயம். பூஞ்சையை மட்டும் நாம்தான் கவனிக்க வேண்டும்: குளித்ததும் ஓரத்தை ஈரம் போகத் துடைத்துவிட வேண்டும். கறுப்பு உள்ளே இறங்கிவிட்டால் தேய்த்துப் பயனில்லை, பழையதைச் சீவி எடுத்துவிட்டுப் புதிதாகத்தான் பூச வேண்டும்.

துலக்குவதற்குப் பாத்திர சோப்பு நீரும் மெத்தென்ற ஸ்பாஞ்சும் போதும். கம்பி நார் கீறிவிடும். அசிட்டோன் கலந்த நெயில் பாலிஷ் ரிமூவர் பட்டால் பளபளப்பே போய்விடும். வடிகாலில் முடி அடைக்காமலிருக்க ஒரு சல்லடை போட்டுவிடுங்கள்.

உடல் அலுப்புக்கு இதைப்போல் சுகம் வேறில்லை, மனதாரச் சொல்கிறேன். ஆனால் சிறு குழந்தை இருக்கும் வீட்டில் குளித்த கையோடு தண்ணீரை வடித்துவிடுங்கள். சில சென்டிமீட்டர் நீரே உயிருக்கு ஆபத்து. முட்டி வலி உள்ள பெரியவர்களுக்கு விளிம்பைத் தாண்டி இறங்குவதே சிரமம். அவர்களுக்காகச் சுவரில் திருகி முடுக்கிய கைப்பிடி கட்டாயம் வேண்டும். உறிஞ்சி ஒட்டிக்கொள்ளும் வகையை நம்பாதீர்கள், முழு எடையும் விழும்போது அது கழன்று வரலாம்.