வன்னியில் ஒரு நாள்: ஒட்டுசுட்டானா, வற்றாப்பளையா, கட்டுக்கரையா?

யாழ்ப்பாணத்துக்கு ஏ9 வீதியில் போய்வரும் பலருக்கு, இலங்கையின் வடக்கிலுள்ள வன்னி என்பது பஸ் யன்னலுக்கு வெளியே ஓடும் காடு மட்டும்தான். ஒரு நாள் இறங்கி, ஆரவாரமில்லாத ஊரொன்றில் கோயில், குளம், வயல் என்று ஆறுதலாக இருந்துவிட்டு வர நினைப்பவர்களுக்கு மூன்று பக்கங்களைச் சொல்லலாம். மாங்குளத்தில் கிழக்கே திரும்பினால் ஒட்டுசுட்டான். அதே முல்லைத்தீவு வீதியில் இன்னும் போனால் முள்ளியவளை, வற்றாப்பளை. மேற்கே மன்னார்ப் பெருநிலப்பரப்பில் கட்டுக்கரைக் குளமும் திருக்கேதீச்சரமும். மூன்றையும் ஒரே நாளில் பார்க்க வெளிக்கிட்டால் பொழுது வாகனத்துக்குள்ளேயே போய்விடும். ஒன்றைத்தான் தெரிய வேண்டும் என்றால் நான் ஒட்டுசுட்டானைத்தான் சொல்வேன்.

அங்கே தேவையானதெல்லாம் கிட்டக் கிட்ட இருக்கிறது. தான்தோன்றீஸ்வரர் கோயிலில் காலையில் கும்பிடலாம். குரக்கன் அறுத்த ஒட்டுகளைக் குவித்து எரித்த இடத்தில், நெருப்புக்கு வேகாமல் சிவலிங்கம் வெளிப்பட்டது என்பது ஊர் வழக்கு. சேனைப்பயிர் செய்த மக்களின் கையிலிருந்தே பிறந்த தலவரலாறு இது. வன்னிக்கு இதைவிடப் பொருத்தமானது வேறில்லை. பக்கத்தில் கற்சிலைமடு. 1803 ஓகஸ்ட் 25இல் முல்லைத்தீவுக் கோட்டையிலிருந்து ஆங்கிலேயரைத் துரத்திய வன்னி மன்னன் பண்டாரவன்னியன், அதே ஆண்டு ஒக்டோபர் 31இல் இந்தப் பகுதியில்தான் கப்டன் வொன் டிரிபேர்க்கின் படையிடம் தோற்றான். வெள்ளைக்காரர் தங்கள் வெற்றியைப் பதிய நட்ட கல்லில் அவன் பெயரையும் சேர்த்தே வெட்டினார்கள். பிள்ளைகளோடு போகிறவர்கள் இந்தக் கதையை அங்கே வைத்துச் சொல்லுங்கள். வகுப்பறையில் படிப்பதைவிட நன்றாக மனதில் பதியும்.

பின்னேரத்துக்கு முத்தையன்கட்டுக் குளம். மாரி மழை நன்றாகப் பெய்த வருடத்தில், தை மாதமளவில் குளக்கட்டில் ஏறி நின்றால் ஒரு பக்கம் கண்ணுக்கெட்டிய வரை தண்ணீர், மறுபக்கம் காலபோக நெல். குளம் நிரம்பி வான் பாயும் நாட்களில் அந்தச் சத்தத்தைக் கேட்கவென்றே சனம் வரும். அதைத் தவிர்த்தால் மீன்பிடிக்கிறவர்களும் மாடு சாய்க்கிறவர்களும்தான் இருப்பார்கள். அவர்களோடு கதை கொடுத்தால் குளத்தைப் பற்றி எந்தப் பலகையிலும் இல்லாத விசயங்கள் வரும். ஆனால் யானை நடமாடும் இடம் அது. பொழுதுபட முன் திரும்பிவிட வேண்டும். தண்ணீரில் முதலை இருக்கலாம், குளிக்கிற யோசனையை விடுங்கள். பாதையை விட்டுக் காட்டுக்குள்ளும் இறங்கக் கூடாது. கண்ணிவெடி எச்சரிக்கைப் பலகைகளை இந்த மாவட்டத்தில் யாரும் அலட்சியம் செய்ய முடியாது.

வற்றாப்பளையின் நிலை வேறு. நந்திக்கடல் ஓரத்துக் கண்ணகை அம்மன் கோயில், சாதாரண நாளில் மூன்றிலும் அமைதியான இடம் என்றுகூடச் சொல்லலாம். வைகாசிப் பொங்கலுக்கோ வடக்கின் நாலா பக்கத்திலிருந்தும் சனம் திரண்டு வரும். முல்லைத்தீவுக் கடலில் தீர்த்தம் எடுத்து, முள்ளியவளை காட்டு விநாயகர் கோயிலில் வைத்து, அந்த உப்புநீரில் விளக்கெரித்து, அப்புறம் அம்மனிடம் கொண்டுபோவார்கள். பக்தியோடு போகிறவர்களுக்கு அந்த நாளுக்கு ஈடு கிடையாது. அமைதி தேடுபவர்கள் வேறு நாள் பார்க்கட்டும்.

ஆனால் நந்திக்கடலை வெறும் காட்சியாகப் பார்க்க என்னால் முடியாது. 2009இல் போர் முடிந்தது இந்தக் கரைகளில்தான். முள்ளிவாய்க்கால் பக்கத்திலேயே இருக்கிறது. அங்கே போகிறவர்கள் அதற்கென்றே ஒரு நாளை ஒதுக்கிப் போங்கள். சாப்பாட்டுப் பொதியும் பாட்டுமாகப் போகும் சுற்றுலாவில் இடைத்தரிப்பாக அதைச் சேர்க்க வேண்டாம். உறவுகளை இழந்த குடும்பங்கள் அந்த மண்ணில்தான் இன்னும் குடியிருக்கின்றன.

மன்னார்ப் பக்கம், பழமையை மட்டும் பார்த்தால், மற்ற இரண்டையும் மிஞ்சிவிடும். திருக்கேதீச்சரம் சம்பந்தரும் சுந்தரரும் பாடிய தலம்; போர்த்துக்கேயர் இடித்த கோயில் இன்று கருங்கல் திருப்பணியோடு நிற்கிறது, 2022இல் குடமுழுக்கும் நடந்தது. சிவராத்திரி தவிர்ந்த நாட்களில் கோயில் தீர்த்தமான பாலாவிக் கரையில் ஆறுதலாக இருக்கலாம். கட்டுக்கரைக் குளத்துக்குத் தேக்கம் அணைக்கட்டிலிருந்து அருவியாற்று நீர் வருகிறது; பரந்த, ஆழம் குறைந்த குளம், மன்னார் வயல்களுக்கு உயிர். கார்த்திகை முதல் மாசி வரை வலசைப் பறவைகள் வரும் காலம். அந்த மாதங்களில், பறவை பார்க்கிறவர்கள் என் தெரிவைத் தள்ளிவிட்டு இங்கேதான் போக வேண்டும். 2010இல் ராம்சார் என்ற சர்வதேச ஈரநிலப் பட்டியலில் சேர்ந்த வங்காலைச் சரணாலயத்தில் பூநாரைகளையும் பார்க்கலாம். குறை என்னவென்றால் வெயில். மறைய மரநிழல் குறைவு, இடங்களும் எட்ட எட்ட.

வெளிநாட்டிலிருந்து வரும் சொந்தங்களுக்கு லீவு கிடைப்பது பெரும்பாலும் ஆடி, ஆவணியில். அப்போது குளங்கள் இறங்கிக் கிடக்கும், கட்டுக்கரையில் பறவைகளும் குறைவு. முத்தையன்கட்டுப் பக்கம் அந்த வெக்கையிலும் காட்டு நிழல் உண்டு. பஸ்ஸை நம்பிப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: மாங்குளம்–முல்லைத்தீவு பஸ் ஒட்டுசுட்டானில் இறக்கிவிடும், குளத்துக்கு ஓட்டோ பிடிக்க வேண்டும். திரும்பும் நேரத்தையும் அந்த ஓட்டோக்காரரிடமே பேசி வைத்துக்கொள்ளுங்கள். நடக்கக் கஷ்டப்படும் வயதானவர்கள் கூட வந்தால் குளக்கட்டை விடுத்து, திருக்கேதீச்சரத்துக்கே நேரே அழைத்துப் போங்கள். தங்கவும் சாப்பிடவும் மன்னார் நகரம் பக்கத்தில் இருக்கிறது.