யுனிவர்சல் லேப்டாப் அடாப்டர்: சோதிக்க நல்லது, தினமும் மாட்டி வைக்க வேண்டாம்

டப்பாவில் எட்டுப் பத்து முனைகள், அடாப்டரின் பக்கவாட்டில் வோல்டேஜ் மாற்றும் ஸ்விட்ச், மேலே பெரிய எழுத்தில் 'எல்லா லேப்டாப்புக்கும் பொருந்தும்' என்ற வாசகம். 90 வாட் யுனிவர்சல் அடாப்டர்கள் பெரும்பாலும் இப்படித்தான் வருகின்றன. ஜாக்கில் பொருந்துவது உண்மைதான். சார்ஜ் ஏறுமா என்பது வேறு கேள்வி.

டெல் அடாப்டரின் முனைக்குள் நடுவில் ஊசி போல ஒரு பின் இருக்கும். அடாப்டருக்குள் உள்ள சின்ன மெமரி சிப், தான் எத்தனை வாட் என்பதை அந்தப் பின் வழியாகத்தான் லேப்டாப்புக்குச் சொல்கிறது. எச்பியிலும் லெனோவாவின் செவ்வக முனையிலும் அதே வேலையை ஒரு ரெசிஸ்டர் (மின்தடை) பார்த்துக்கொள்கிறது. டெல்லின் 7.4 மில்லிமீட்டர் முனை எச்பி ஜாக்கில் அப்படியே நுழையும். அடையாளம் சொல்லும் முறைதான் வேறு. அந்த அடையாளம் கிடைக்காவிட்டால் டெல் லேப்டாப் ஆன் ஆகும், ஆனால் அடாப்டர் வகை தெரியவில்லை என்று எச்சரிக்கை காட்டும், பேட்டரி ஏறாது, பிராசஸர் வேகமும் இறங்கிவிடும். பேட்டரி போய்விட்டது என்று நினைத்துப் புது பேட்டரிக்குப் பலர் காசைக் கொட்டுவது இந்த இடத்தில்தான். ஒரிஜினல் அடாப்டரிலேயே முனைக்குப் பக்கத்தில் அந்தப் பின்னுக்குப் போகும் மெல்லிய ஒயர் அறுந்தாலும் இதே அறிகுறிதான் வரும். அதனால் டெல்லுக்கு யுனிவர்சல் வாங்குவதாக இருந்தால் முனையில் நடுப் பின் இருப்பது மட்டும் போதாது, அது வேலை செய்கிறதா என்பதை, பயோஸில் (விண்டோஸ் தொடங்கும் முன் திறக்கும் செட்டிங் திரை) அடாப்டர் வாட் தெரிகிறதா என்று பார்த்துத்தான் உறுதி செய்ய வேண்டும்.

அடையாளப் பின் இல்லாத ஏசர், ஆசஸ் மாடல்களில் கதை சுலபம். ஆனாலும் முனை அளவில் கவனம் வேண்டும். ஏசரில் பரவலாக வருவது 5.5க்கு 1.7 மில்லிமீட்டர், ஆசஸின் பல மாடல்களில் 5.5க்கு 2.5. வெளிச்சுற்று ஒன்றுதான், உள் துளைதான் வேறு. 2.5 துளை முனையை ஏசரில் மாட்டினால் உள்ளே போய்விடும், ஆனால் லொடலொடவென்று ஆடும். விட்டு விட்டு சார்ஜ் ஏறும், ஜாக் சூடாகும், கடைசியில் உள்ளே கருகும்.

பெரிய குறை அந்த ஸ்விட்ச். 15 முதல் 24 வோல்ட் வரை நகத்தால் தள்ளினாலே நகர்ந்துவிடும். 19, 19.5, 20 வோல்ட்டுக்குள் ஒரு படி மாறினால் பெரும்பாலான லேப்டாப்புகள் தாங்கும். 24க்குப் போனால் மதர்போர்டு தப்பிப்பது சந்தேகம். லேப்டாப்பின் அடியில் உள்ள லேபிளைப் பார்த்து வோல்டேஜை வைத்து, மேலே டேப் ஒட்டிவிடுங்கள். லேப்டாப்பில் செருகும் முன் மல்டிமீட்டரில் அளப்பது கட்டாயம்: சிவப்பு முள் முனையின் உள் சுவரில், கறுப்பு வெளிச் சுவரில். நடுப் பின் உள்ள முனைகளில் அந்தப் பின்னைத் தொட்டு அளந்தால் கணக்கு பிசகும். முனைக்குள் இருக்கும் ரெசிஸ்டரை வைத்துத் தானே வோல்டேஜைத் தேர்ந்தெடுக்கும் மாடல்கள் இதைவிடத் தேவலாம்.

90 வாட் என்பதையும் லேபிளில் சரிபாருங்கள். அதிகபட்சம் 4.5 ஆம்ப் என்று போட்டிருந்தால் 20 வோல்ட்டில் 90 வாட், 15 வோல்ட்டில் 67.5 வாட்தான். கேமிங் லேப்டாப்பெல்லாம் இதன் கணக்கிலேயே வராது.

இவ்வளவு குறை சொன்னாலும் பழுது கண்டுபிடிக்க இது கெட்டிக்காரப் பொருள். ஒரிஜினல் அடாப்டரின் விளக்கு, லேப்டாப்பில் செருகியதும் அணைந்து, கழற்றியதும் எரிகிறதா? யுனிவர்சலை மாட்டிப் பாருங்கள். அதுவும் அணைந்தால் ஷார்ட் லேப்டாப்புக்குள்தான், ஜாக்கிலோ போர்டிலோ. மறுபடி மறுபடி செருகிப் பார்க்காமல் பழுது பார்ப்பவரிடம் கொடுங்கள். யுனிவர்சலில் ஓடினால் பழைய அடாப்டர்தான் போயிருக்கிறது. இந்தப் பழுது மல்டிமீட்டருக்குப் பெரும்பாலும் சிக்காது: லோடு இல்லாதபோது 19.5 வோல்ட் அழகாகக் காட்டும், லேப்டாப் இழுக்கத் தொடங்கியதும் படுத்துவிடும். உள்ளே கெப்பாசிட்டர் வீக்காகியிருக்கும், அல்லது ஒயரின் கழுத்தில் இழைகள் அறுந்து ஒன்றிரண்டு மட்டும் பிடித்துக்கொண்டிருக்கும். இரண்டு அடாப்டரிலும் முனையை ஒரு பக்கம் அழுத்தினால்தான் சார்ஜ் ஏறுகிறது என்றால் ஜாக்கின் சாலிடர் விட்டிருக்கிறது.

60 அல்லது 80 சதவீதத்தில் நின்றுபோனால் அடாப்டரைக் குறை சொல்ல வேண்டாம். பேட்டரி பாதுகாப்பு செட்டிங் ஆன் ஆகியிருக்கும். டச்பேட் மேலெழும்பியிருந்தால் பேட்டரி உப்பியிருக்கிறது, எந்த அடாப்டரையும் மாட்டாதீர்கள்.

சோதனைக்கென்றால் ஐந்துக்கு நான்கு, தினசரி பயன்பாட்டுக்கு இரண்டுக்கு மேல் கொடுக்க மனம் வரவில்லை. சில டப்பாக்களில் டைப்-சி முனை ஒன்றும் சேர்த்துத் தருகிறார்கள். முறையான டைப்-சி சார்ஜர் 5 வோல்ட்டில் தொடங்கி, லேப்டாப் கேட்ட பிறகுதான் 20க்கு ஏறும். வெறும் முனையால் அப்படிப் பேச முடியாது, வைத்த வோல்டேஜை அப்படியே தள்ளும். அதைத் தொடவே தொடாதீர்கள். டைப்-சி லேப்டாப்புக்கு, இப்படி லேப்டாப்போடு பேசி வோல்டேஜை ஏற்றும் PD (பவர் டெலிவரி) சார்ஜரைத் தனியாக வாங்குங்கள். 60 வாட்டுக்கு மேல் என்றால் 5 ஆம்ப் கேபிளும் கூடவே வேண்டும்.