ஓதம் பிடித்த சுவர்: பெயிண்ட், பிளீச்சிங், ஈரம் உறிஞ்சும் மெஷின், மாடி வேலை - எதில் காசு போடலாம்?

ஐப்பசி பிறந்ததும் எங்கள் வீட்டுப் பிள்ளைக்கு இருமல் தொடங்கும், படுக்கையறைச் சுவரில் கறுப்புப் புள்ளிகளும் அதே வாரத்தில்தான் வரும். இரண்டையும் சேர்த்துப் பார்க்க எனக்கு இரண்டு மழைக்காலம் ஆனது. ஓதமும் பூஞ்சையும் உள்ள வீட்டில் ஆஸ்துமா, இருமல், இளைப்பு எல்லாம் கூடும் என்று உலக சுகாதார நிறுவனம் 2009-லேயே தனி வழிகாட்டுதல் போட்டிருக்கிறது.

முதலில் பெயிண்ட் கதை. உள்பக்கம் சுரண்டி, பட்டி பார்த்து, வாட்டர்ப்ரூஃப் பெயிண்ட் அடித்தால் இரண்டு நாளில் சுவர் பளிச்சென்று ஆகிவிடும். எங்களுக்கும் ஆனது, அடுத்த மழைக்கு அதே இடத்தில் கொப்பளித்து உப்புப் பூத்து உதிர்ந்தது. தண்ணீர் சுவருக்குப் பின்னாலிருந்து வரும்போது முன்னால் மூடி என்ன பயன்? சுவர் நன்றாகக் காய்ந்த பிறகு கடைசியாகச் செய்ய வேண்டிய வேலை இது.

பிளீச்சிங் டைல்ஸுக்கும் கண்ணாடிக்கும் நல்லது. பூச்சுச் சுவரில் கறை மட்டும் வெளுக்கும், பூச்சுக்குள் ஊன்றிய பூஞ்சை அப்படியே இருக்கும். சின்னப் பரப்பு என்றால் சோப்புத் தண்ணீரும் பிரஷ்ஷுமே போதும், ஆனால் சுவரை நனைத்துவிட்டுத் தேயுங்கள், காய்ந்த பூஞ்சையைத் தேய்த்தால் அறை முழுக்கப் பறக்கும். என்95 மாஸ்க் போடுங்கள், இளைப்பு உள்ளவர்களை அந்த அறைப் பக்கமே விடாதீர்கள். முக்கியமாக, பிளீச்சிங்கோடு ஆசிட்டையோ வினிகரையோ கலக்கவே கூடாது, குளோரின் வாயு கிளம்பும்.

ஈரம் உறிஞ்சும் மெஷினா, எக்ஸாஸ்ட் ஃபேனா? இதற்குச் சுவரைக் கேட்டுத்தான் பதில் சொல்ல முடியும். ஒரு முழ பாலிதீன் தாளைச் சுவரில் நாலு பக்கமும் டேப் போட்டு ஒட்டி, இரண்டு நாள் விடுங்கள். தாளின் வெளிப்பக்கம் முத்து முத்தாக நீர் கோத்திருந்தால் அறைக்காற்றில் ஈரம் அதிகம், சுவரை ஒட்டிய உள்பக்கம் கோத்திருந்தால் சுவர் வழியாகத் தண்ணீர் வருகிறது. முதல் வகைக்குத்தான் இந்த இரண்டும். குளியலறைக்கும் சமையலறைக்கும் எக்ஸாஸ்ட் ஃபேன் மலிவு, போதும். ஆனால் கார்த்திகை மழையில் சென்னையின் வெளிக்காற்றே ஈரம்தான், ஜன்னலைத் திறந்தால் காயாது. அப்போது மூடிய அறையில் மெஷினோ ஏசியின் ட்ரை மோடோ உதவும். ஈரப்பதம் 60 சதவீதத்துக்குக் கீழே இருக்க வேண்டும், அதைக் காட்டும் சின்ன மீட்டர் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். துணியை அறைக்குள் காயப்போட்டுக்கொண்டே மெஷினை ஓட்டினால் கரண்ட் பில்தான் ஏறும்.

தாளின் உள்பக்கம் நனைந்திருந்தால் வேறு வழியில்லை, தண்ணீர் வரும் இடத்தைச் சரிசெய்யும் வேலையைச் செய்துதான் ஆக வேண்டும். செலவு அதிகம், சத்தம், தூசி, கொத்தனார் சொன்ன நாளில் வரமாட்டார், இருந்தும் என் ஓட்டு இதற்குத்தான். கறை கூரையை ஒட்டி இருந்தால் மொட்டை மாடியில் பதித்த தட்டோடுகளின் இணைப்பு, கைப்பிடிச் சுவர் அடிப்பகுதி, மழைநீர்க் குழாயின் வாய் மூன்றையும் பாருங்கள். எங்களுக்குக் குழாய் வாயில்தான் விரிசல். குளியலறைக்குப் பின்சுவர் என்றால் பிளம்பர், சுவருக்குள் போகும் குழாயைச் சோதிக்கட்டும். தரையிலிருந்து இரண்டு மூன்று அடி வரை மட்டும் ஏறியிருந்தால் அது அடிமண் ஈரம், அங்கே சிமெண்ட் பூசி அடைத்தால் ஓதம் இன்னும் மேலே ஏறும், அஸ்திவாரத்துக்கு மேல் ஈரத்தடுப்பு செய்கிற ஆளைத்தான் கூப்பிட வேண்டும். மாடி வேலையைச் சித்திரை வெயிலில் வைத்துக்கொள்ளுங்கள், ஈரத்தின் மேல் பூசியது எதுவும் ஒட்டாது.

வாடகை வீடு என்றால் ஹவுஸ் ஓனரிடம் தேதி போட்ட போட்டோவோடு எழுத்தில் கேளுங்கள். அவர் செய்யும்வரை பீரோவைச் சுவரிலிருந்து அரை அடி தள்ளி வையுங்கள், பிள்ளையின் படுக்கையை இன்றைக்கே வேறு அறைக்கு மாற்றிவிடுங்கள்.