ஏழு வருஷமா ஓவல் வைர மோதிரம் போட்டுட்டு இருக்கேன், என் அனுபவம்

2018ல எங்க பத்தாவது கல்யாண நாளுக்கு வாங்குனது. 71 சென்ட் (நூறு சென்ட் ஒரு கேரட்), ஓவல் ஷேப், எச் கலர் (கிட்டத்தட்ட நிறமே இல்லாதது), விஎஸ்2 (வெறும் கண்ணுக்குத் தெரியாத சின்னக் குறை உள்ள க்ளாரிட்டி). உண்மையச் சொன்னா ரவுண்டு வாங்கத்தான் கடைக்குப் போனோம், ஏன்னா எங்க ஓரகத்தி அக்கா கையில 70 சென்ட் ரவுண்டு ஒண்ணு இருக்கு, அத மாதிரியே வேணும்னு மனசுல ஒரு ஆசை (பொறாமைன்னும் வச்சுக்கலாம்). ஆனா அதே கலர் அதே க்ளாரிட்டில ரவுண்டு விலை இந்த ஓவல விட கிட்டத்தட்ட கால் பங்கு அதிகம். இவர் கால்குலேட்டர எடுத்துட்டாரு, அப்புறம் என்ன, ஓவலே அழகா இருக்குன்னு எனக்கும் தோண ஆரம்பிச்சுடுச்சு.

வாங்கி முதல் விசேஷத்துக்குப் போட்டுட்டுப் போனா, அக்கா கையப் புடிச்சுப் பார்த்துட்டு "உன்னோடது ஒரு கேரட்டா?"ன்னு கேட்டாங்க. அன்னைக்கு நான் ஆமான்னும் சொல்லல இல்லன்னும் சொல்லல, சிரிச்சேன்.

வீட்டுக்கு வந்து சர்டிபிகேட்ட எடுத்துக் கணக்குப் போட்டேன். என்னோட கல்லு 7 மில்லிமீட்டர் நீளம், 5 அகலம். அக்காவோடது ரவுண்டு, 5.7 மில்லிமீட்டர். பரப்பளவு போட்டா எனக்கு 27.5 சதுர மில்லிமீட்டர் சொச்சம், அவங்களுக்கு 25.5. அதாவது ஏழெட்டு சதவீதம்தான் வித்தியாசம்! பார்க்குறவங்க கண்ணுக்கு மட்டும் அது எப்படி ஒரு கேரட்டாத் தெரியுதுன்னா, நம்ம கண்ணு நீளத்தப் பார்த்துதான் சைஸ முடிவு பண்ணுது. 5.7 பக்கத்துல 7ன்னா பெருசுதானே. விரல் வாக்குல நீளமாப் போறதால குண்டு விரலும் கொஞ்சம் ஒல்லியாத் தெரியும், என் விரலுக்கு அது போனஸ். இந்த நீள விஷயத்துல ஓவல விட படகு மாதிரி இருக்குற மார்கீஸ் ஷேப்தான் கில்லாடி. ஒரு கேரட் மார்கீஸ் 10க்கு 5 மில்லிமீட்டர் அளவுக்கு வரும், ஒரு கேரட் ரவுண்டு 6.5தான். ஆனா ரெண்டு பக்கமும் கூரா இருக்கும், நமக்கு இருக்குற வேலைக்குத் தாங்காதுன்னு விட்டுட்டேன்.

ரவுண்டு ஏன் காஸ்ட்லின்னு அப்போ எனக்குப் புரியல, டிமாண்டுதான் காரணம்னு நெனச்சேன். டிமாண்டும் உண்டு, ஆனா பாதிக் கதை பட்டை தீட்டுறதுல இருக்கு. வைரக்கல்லு பூமியில இருந்து வரும்போது நல்ல கல்லா இருந்தா ரெண்டு பிரமிடு அடியோட அடி ஒட்டுன மாதிரி இருக்கும். அதுல பிரின்சஸ்னு சொல்ற சதுர ஷேப்ல வெட்டுனா கம்மியாதான் வீணாகும், வட்டமா வெட்டணும்னா மூலையெல்லாம் செதுக்கித் தள்ளணும், பாதிக்கு மேல தூளாப் போயிடும். அந்தத் தூளுக்கும் சேர்த்துதான் நாம காசு குடுக்குறோம். ஓவலுக்கும் சேதாரம் இல்லாம இல்ல, நம்ம கோஹினூர 1852ல இங்கிலாந்துல திரும்ப வெட்டி ஓவலாக்குனப்போ 191 கேரட் 105.6 கேரட்டா இறங்கிடுச்சு. எண்பத்தஞ்சு கேரட் அப்படியே போச்சு, நெனச்சாலே வயிறு எரியுது.

சரி, இனி குறைங்க. முதல்ல போ-டைன்னு சொல்ற கருப்பு நிழல். கடையில எனக்கு இது தெரியவே இல்ல, அங்கதான் மேல முழுக்க ஸ்பாட் லைட்டு, கண்ணாடிக் கல்லு கூட மின்னும். ஆபீஸ் டியூப்லைட்டுல மோதிரத்த நேரா மேல இருந்து பார்த்தா நடுவுல குறுக்க கருப்பா ஒரு பட்டாம்பூச்சி உக்காந்திருக்கும். ஓவல், பியர் (கண்ணீர்த் துளி ஷேப்), மார்கீஸ் மூணுலயுமே இது கொஞ்சமாவது இருக்கும்னு அப்புறம்தான் தெரிஞ்சது. நம்ம தலையே வெளிச்சத்த மறைக்குது, அந்த நிழல கல்லு நமக்கே திருப்பிக் காட்டுது, அவ்வளவுதான் சமாச்சாரம். லேசா இருந்தா அழகு, அட்டக் கருப்பா இருந்தா கல்லே செத்த மாதிரி இருக்கும். என்னோடது நடுத்தரம். சர்டிபிகேட்ல இதப் பத்தி ஒரு வார்த்தை இருக்காது. நான் வாங்குன காலத்துல ஜிஐஏ (வைரத்துக்கு சர்டிபிகேட் குடுக்குற அமெரிக்க நிறுவனம்) கட் கிரேடு, அதாவது எவ்வளவு நல்லா வெட்டியிருக்குன்னு ஒரு தரம், குடுத்ததே ரவுண்டுக்கு மட்டும்தான், அதுவும் 2006ல இருந்துதான். அதனால ரவுண்டுல எக்ஸலன்ட்னு பார்த்து ஓரளவு தைரியமா வாங்கலாம், ஓவல்ல அப்போ அந்த வசதி இல்ல, வெளிய ஜன்னல் வெளிச்சத்துல எடுத்துட்டு வந்து கைய ஆட்டி ஆட்டிப் பார்க்குறத விட வேற வழி இல்லாம இருந்துச்சு. பழைய காலத்துல வைரத்த வீட்டுக்கு எடுத்துட்டு வந்து மூணு நாள் வச்சுப் பார்த்துட்டுதான் வாங்குவாங்க, தோஷம் பார்க்குறதுன்னு சொல்லுவாங்க. ராசி இருக்கோ இல்லையோ, மூணு நாள் வீட்டு வெளிச்சத்துல பார்த்திருந்தா எனக்கு இந்தப் பட்டாம்பூச்சி அன்னைக்கே சிக்கியிருக்கும்.

கலரும் அப்படித்தான், ரவுண்டுல மின்னுற மின்னுல எச் கலர் மறைஞ்சிடும், ஓவல்ல ரெண்டு ஓரத்துலயும் லேசா மஞ்சள் தட்டும். எனக்கு மட்டும்தான் தெரியுது, ஆனா தெரிஞ்சப்புறம் தெரியாம இருக்க மாட்டேங்குது. மத்தபடி தினப்படி போட்டா எல்லாக் கல்லுக்கும் வர்ற அதே பாடு. வைரத்துல எண்ணெய் சட்டுனு ஒட்டும், இட்லி மாவு அடியில போய் அடைஞ்சுக்கும், வெதுவெதுப்பான தண்ணியில பாத்திரம் கழுவுற லிக்விட் ரெண்டு சொட்டு விட்டு பழைய பிரஷ்ஷால தேய்ச்சா பளிச். ஒரு தடவ காட்டன் புடவ நூலு ப்ராங்ல (கல்லப் புடிச்சிருக்குற கம்பி) மாட்டி கல்லு ஆட ஆரம்பிச்சுடுச்சு, டைட் பண்ணிட்டு வந்தோம்.

இந்த ஓவல் குடுத்த தைரியத்துல 2021ல நான் பண்ண முட்டாள்தனம் ஒண்ணு இருக்கு. ரவுண்டு இல்லாத ஷேப்பெல்லாம் மலிவு, பெருசாவும் தெரியும்னு நானே ஒரு சட்டம் போட்டுக்கிட்டு பிரின்சஸ் கட் கம்மல் வாங்குனேன், ஒரு கல்லு 25 சென்ட். மலிவுதான், ஆனா காதுல போட்டா மூக்குத்தி சைஸுக்குத் தெரியுது. பிரின்சஸ் ஆழமா வெட்டுற கல்லு, வெயிட்டெல்லாம் அடியில போய் ஒளிஞ்சுக்கும், 25 சென்ட்டுக்கு பக்கம் மூணரை மில்லிமீட்டர்தான், அதே 25 சென்ட் ரவுண்டு நாலு மில்லிமீட்டருக்கு மேல வரும். போதாக்குறைக்கு ஒரு மூலை வேற லேசா உடைஞ்சிருக்கு, எப்போ எங்க இடிச்சேன்னே தெரியல. கடினத்துல வைரத்த அடிச்சுக்க ஆள் இல்ல, ஆனா கூர் மூலையில அடி பட்டா தெறிக்கத்தான் செய்யும்.

என் தம்பி கதை இன்னும் மோசம், பொண்டாட்டிக்கு ஒரு கேரட்தான் வேணும்னு நின்னு ரவுண்டே வாங்குனான். வெயிட்டு ஒரு கேரட் வர்றதுக்காக ஆழமா விட்டு வெட்டுன கல்லு, விட்டம் 6.1 மில்லிமீட்டர்தான். 85 சென்ட்ல ஒழுங்கா வெட்டுன கல்லே அதே சைஸு வரும், விலையும் நல்லாவே குறைஞ்சிருக்கும், ஒரு கேரட்ட தொட்டதும் விலை ஒரு தாவு தாவும். அவன்கிட்ட இதச் சொல்லல, சொல்லி என்ன ஆகப்போகுது.

போன வருஷம் எக்ஸ்சேஞ்சுக்கு விசாரிச்சேன். ஓவலுக்கு எடுத்துக்குற விலை நான் எதிர்பார்த்தத விடக் கம்மி, ரவுண்டுன்னா உடனே போயிடும் மேடம், இதுக்கு ஆள் வரணும்னாங்க. வாங்கும்போது மிச்சம் புடிச்சது விக்கும்போது கழியுது. எனக்கு விக்கிற எண்ணம் இல்லாததால வருத்தம் இல்ல.

இவ்வளவு கணக்கும் போட்டுட்டு ஒரு நாள் அம்மாவோட ஏழு கல் தோட்ட ஸ்கேல் வச்சு அளந்தேன். ஒரு கல்லு 10 சென்ட், மூணு மில்லிமீட்டர், நடுவுல ஒண்ணு சுத்தி ஆறு, ஒரு தோட்டுல மொத்தம் 70 சென்ட். குறுக்க 9 மில்லிமீட்டருக்கு மேல வருது! அக்காவோட ஒத்தக் கல்லும் அதே 70 சென்ட்தான், 5.7. கல்லோட பரப்பு மட்டும் கூட்டுனாலே தோடு கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு, இதுல பொடிக் கல்லுக்கு கேரட் விலை பெரிய கல்லோடதுல பாதிக்கும் கீழ. அத்தனையும் ரவுண்டு, போ-டையும் கிடையாது. கல்யாணத்துல பத்தடி தள்ளி நின்னாலும் பளீர்னு தெரியுறது அம்மா காதுதான், என் விரல் இல்ல.

2019ல அந்தத் தோட்ட மாத்திட்டு ஒத்தக் கல்லா மாடர்னா வாங்கிக்கம்மான்னு அம்மாவ நச்சரிச்சதே நான்தான். அப்போ அவங்க "உனக்கு வேணும்னா உன் மோதிரத்த மாத்திக்கடி"ன்னு சொல்லிட்டு எழுந்து போயிட்டாங்க.