மங்கோலியர் ஆட்சி: சீனாவில் ஒரு விதம், ரஷ்யாவில் வேறு விதம்

இரண்டு நாடுகளையும் பிடித்தவர்கள் செங்கிஸ் கானின் பேரன்கள்தான். ஆண்ட விதம்தான் வேறு.

குப்லாய் கான் சீனாவுக்குள்ளேயே குடியேறிவிட்டார். 1271இல் யுவான் என்று சீனப் பெயரில் வம்சத்தை அறிவித்தார்; இன்றைய பெய்ஜிங்தான் தலைநகரம். 1279இல் தெற்கின் சோங் அரசும் விழ, நெடுங்காலம் பிரிந்து கிடந்த வடக்கும் தெற்கும் ஒன்றாயின. அவர் காலத்தில் நின்றுபோயிருந்த அரசு அதிகாரிகளை எடுப்பதற்கான தேர்வு 1315இல்தான் திரும்ப வந்தது. தேர்வு நின்றது படித்தவர்களுக்குப் பெரிய அடி.

ரஷ்யாவில் கதையே வேறு. 1240இல் கீவ் நகரத்தைச் சூறையாடிய படு கான் அங்கே தங்கவில்லை. அவரும் அவருக்குப் பின் வந்த கான்களும் கீழ் வோல்கா ஆற்றங்கரையில் சராய் நகரில் உட்கார்ந்தபடியே கப்பம் கேட்டார்கள். உள்ளூர் இளவரசர்கள் அங்கே போய்ப் பட்டயம் வாங்கினால்தான் பதவி. இதில் கெட்டிக்காரர் மாஸ்கோவின் முதலாம் இவான். பட்டப்பெயரே 'பணப்பை'! 1327இல் த்வேர் நகரம் கிளர்ந்தெழுந்தபோது, மங்கோலியப் படையோடு சேர்ந்து அதை நசுக்கினார். அப்புறம் கப்பம் வசூலிக்கும் வேலையும் அவர் கைக்கு வந்தது. வசூலித்ததெல்லாம் சராய்க்கா போயிருக்கும்?

சீனாவில் யுவான் ஆட்சி 1368இல் முடிந்தது; ரஷ்யாவில் 1480 வரை இழுத்தது. என் கணக்கில் ஆழமான தடம் ரஷ்யாவில்தான். சீனாவில் பேரரசு என்பது மங்கோலியர் வருவதற்கு முன்பே இருந்த பழைய சங்கதி. மாஸ்கோ பெரிய ஊரானதே கான்களின் தயவில்தான்.