லென்சில் இரண்டு 22 உண்டு, நான் ஒன்றைத்தான் பார்த்தேன்

பழைய மெனுவல் சூம் லென்ஸ் ஒன்று வாங்கலாம் என்று காசு சேர்த்துக்கொண்டிருக்கும் நம்ம பக்கத்துப் பிள்ளைகள், கண்டிக்குப் பஸ் ஏற முதல் இதை வாசித்துவிட்டுப் போங்கள். எனக்கு மொத்தமாக 48,500 ரூபா போனது. அதில் 15,000 திரும்பி வந்தது, அதுவும் மூன்று தடவை அலைந்த பிறகு. கடையின் பெயரை எழுதவில்லை. எழுதினால் பேச்சு வேறு பக்கம் போய்விடும். எப்படி ஏமாற்றினார்கள் என்பதை மட்டும் எழுதுகிறேன், வேறு கடையிலும் அது நடக்கும்.

நான் ஹட்டன் பக்கம். கல்யாணம், சாமத்திய வீடு, கோயில் திருவிழா எல்லாம் எடுப்பேன். கையில் இருப்பது ஒரு சோனி ஏ6000, அதனோடு வந்த சின்ன லென்ஸ். தேர் இழுக்கும்போதும் காவடி வரும்போதும் கிட்டப் போய் எடுக்க முடியாது, தூரத்தில் நின்று இழுத்து எடுக்க ஒரு லென்ஸ் வேண்டும். புதிது வாங்குவதைப் பற்றி 2022இல் டொலர் 200இல் இருந்து 360ஐத் தாண்டிய நாளிலேயே யோசிப்பதை விட்டுவிட்டேன். அப்படித்தான் பழைய லென்ஸ் பைத்தியம் பிடித்தது.

பைத்தியம் என்றாலும் அதில் நியாயம் இருக்கிறது. பழைய நைக்கோன் மவுண்ட் (கெமராவில் பூட்டும் வாய்) லென்ஸ் ஒன்றின் பின்பக்க விளிம்பில் இருந்து பிலிம் வரைக்குமான தூரம் 46.5 மில்லிமீற்றர். சோனியில் அதே தூரம் 18 மில்லிமீற்றர்தான். மிச்சம் 28.5. அந்த இடைவெளியை ஒரு வெறும் இரும்பு வளையத்தால் நிரப்பினால் லென்ஸ் அப்படியே வேலை செய்யும், நடுவில் கண்ணாடி எதுவும் தேவையில்லை. மெனுவில் 'லென்ஸ் இல்லாமல் ஷட்டர்' என்பதை ஒன் பண்ண வேண்டும், இல்லாவிட்டால் கெமரா படம் எடுக்க மறுக்கும். போகஸ் நாம்தான் பிடிக்க வேண்டும், ஆனால் கூர்மையான ஓரங்களில் திரை நிறம் போட்டுக் காட்டும், பெரிதாக்கியும் பார்க்கலாம். பிலிம் காலத்தவர்களுக்கு இந்த வசதி கிடையாது. என் கெமராவின் சென்சர் பிலிமை விடச் சின்னது என்பதால் 70-210 லென்ஸ் 105-315 போல நடந்துகொள்ளும். தேருக்கு அது தாராளம்.

தேடித் தேடி நான் பிடித்தது விவிட்டார் சீரீஸ் 1, 70-210, எப் 3.5, நைக்கோன் மவுண்டில். 1970களின் சாமான். விவிட்டார் ஒரு அமெரிக்கக் கம்பனி, லென்சைத் தானே செய்வதில்லை, ஜப்பானில் செய்வித்துத் தன் பெயரைப் போட்டு விற்றது. யார் செய்தது என்பது லென்சின் தொடர் இலக்கத்தில் தெரியும். 22இல் தொடங்கினால் கினோ பிரசிஷன், அதாவது பிறகு கிரோன் என்று பெயர் எடுத்தவர்கள். 37 என்றால் டோக்கினா, 28 என்றால் கொமினே. மூன்றும் நல்லவைதான். ஆனால் நான் 22தான் வேண்டும் என்று நின்றேன். இந்த இலக்கக் கதை தெரிந்துகொண்ட நாளில் இருந்து எனக்குள் ஒரு கெட்டித்தனம் வந்துவிட்டது. அந்தக் கெட்டித்தனம்தான் என்னைக் கவிழ்த்தது.

கண்டியில் கடைக்குள் போனபோது மாலை நாலரை, வெளியே மழை. உள்ளே ஒரு டியூப் லைட். லென்சை எடுத்து வைத்தார் முதலாளி. நான் முன் வளையத்தில் இலக்கத்தைப் பார்த்தேன். 22. என் முகத்தில் சந்தோசம் தெரிந்திருக்கும், அவருக்கு அதுவே போதும்.

"இப்ப வார சாமான் எல்லாம் பிளாஸ்டிக் தம்பி. இது இரும்பு. தூக்கிப் பாருங்க."

தூக்கிப் பார்த்தேன். தூக்கும்போதே, கையில் தருவதற்கு முன்னால் அவர் அபெர்ச்சர் வளையத்தை, அதாவது வெளிச்சம் போகும் ஓட்டையைப் பெரிதாக்கிச் சின்னதாக்கும் வளையத்தைக் கடைசி வரைக்கும் திருப்பிவிட்டுத் தந்ததைக் கண்டேன். பழக்கம் போல என்று நினைத்தேன். போன் டோர்ச்சை எடுத்தேன், அவர் தடுக்கவே இல்லை. "பாருங்க, பாருங்க" என்றார். அடித்துப் பார்த்தால் நடுவில் மிளகளவு ஓட்டை, அதற்குள் கண்ணாடி பளபளவென்று சுத்தம்.

இதில்தான் விஷயம். நைக்கோன் மவுண்ட் லென்ஸ் கெமராவில் மாட்டாமல் கையில் இருக்கும்போது, அபெர்ச்சர் வளையம் எந்த இலக்கத்தில் நிற்கிறதோ அந்த அளவுக்கு உள்ளே இதழ்கள் மூடிக்கொண்டிருக்கும். 3.5இல் வைத்தால் முழுதும் திறக்கும். 22இல் வைத்தால் நடுவில் ஒரு பொட்டு மட்டும்தான் தெரியும். பூஞ்சணம் பெரும்பாலும் ஓரத்தில் இருந்துதான் உள்ளே படரும். அப்போ 22இல் வைத்துப் பார்த்தவனுக்கு என்ன தெரியும்? நான் பார்த்தது தொடர் இலக்கத்தின் 22ஐ. பார்க்காமல் விட்டது வளையத்தின் 22ஐ.

படமும் எடுத்துக் காட்டினார். என் கெமராவில் மாட்டி, லைட்டுக்கு முதுகைக் காட்டி நின்று, சுவரில் இருந்த கலண்டரை எடுத்தோம். திகதி எல்லாம் கத்தி மாதிரி. வெளிச்சம் நமக்குப் பின்னால் இருந்தால் பூஞ்சணம் பிடித்த லென்சும் கத்தி மாதிரித்தான் எடுக்கும். லென்சுக்கு 38,000, சோனியில் மாட்டும் இரும்பு வளையத்துக்கு 4,500 கொடுத்தேன். பில்லில் அவர் எழுதியது 'பாவித்த லென்ஸ் 1'. அவ்வளவுதான். பெயரும் இல்லை, இலக்கமும் இல்லை.

அடுத்த நாள் விடியக் காலை அம்மா குசினி வாசலில் நிற்க, பின்னால் வெயில் வர, ஒரு படம் எடுத்தேன். படம் முழுக்கப் பால் ஊற்றினது போல. கண்ணாடி மேல் பூசிய பழைய கோட்டிங், எதிர் வெயிலுக்கு வெளுக்கத்தான் செய்யும் என்று என்னை நானே சமாதானம் பண்ணிக்கொண்டேன். அது ஓரளவுக்கு உண்மையும்தான், அந்தக் காலத்துக் கோட்டிங் இப்போதையது போல இல்லை. அப்புறம் மூன்று கிழமை நம்ம ஊர் வேலையைக் காட்டியது. விடிந்தால் பனி, மத்தியானம் கொஞ்சம் வெயில், மூன்று மணிக்கு மறுபடி மலை மறைந்துவிடும். நான் எடுத்த கொழுந்து மலை, காசல்ரீ நீர்த்தேக்கம், கோச்சி வரும் வளைவு எல்லாம் மங்கல். பார்த்தவர்கள் "ஆ, என்ன அழகான பனி" என்றார்கள். நானும் நம்பினேன். பேஸ்புக்கில் போட்டு லைக்கும் வாங்கினேன், வெட்கமாக இருக்கிறது.

நடுவில் இன்னொரு கூத்து. 210இல் போகஸ் பிடித்துவிட்டு 70க்கு இழுத்தால் படம் கலங்கியது. இந்த வகைப் பழைய சூம்களின் பெரிய வசதியே, இழுத்த இடத்தில் போகஸ் பிடித்துவிட்டு அகலத்துக்கு வந்தாலும் போகஸ் அப்படியே நிற்பதுதான். போன் பண்ணினேன். "வளையம்தான் தம்பி பிழை, மங்கலுக்கும் அதுதான் காரணம், நல்ல வளையம் ஒன்று வந்திருக்கு" என்றார். போய் 6,000 கொடுத்து வாங்கினேன். கலங்கல் உண்மையில் நின்றது. மலிவு வளையங்களைக் கொஞ்சம் மெல்லிதாகச் செய்வார்கள், தூரத்துப் போகஸ் எப்படியும் எட்ட வேண்டும் என்பதற்காக. அந்த மெல்லிசுதான் சூமில் போகஸை நகர்த்துகிறது. அது வரைக்கும் அவர் சொன்னது சரி. ஆனால் வளையத்துக்குள் கண்ணாடியே இல்லை, வெறும் ஓட்டை. அது எப்படிப் படத்தை வெளுக்க வைக்கும்? பாதி உண்மை சொல்லி 6,000 எடுத்தார். எனக்கு அன்று அதை யோசிக்கத் தோன்றவில்லை.

மாசியில் எங்கள் தோட்டத்தில் காமன் கூத்து. காமன் பொட்டலில் தப்புச் சத்தம், ரதியும் மன்மதனும் ஆடி முடிந்து, காமன் எரிகிற நேரம். அந்த ஒரு படத்துக்காகத்தான் இந்த லென்சே வாங்கினேன் என்று சொன்னாலும் தப்பில்லை. தூரத்தில் பாறை மேல் ஏறி நின்று, அபெர்ச்சர் வளையத்தை 3.5இல் திறந்து, நெருப்புக்கு நேராகப் பிடித்தேன். திரையில் நெருப்பு இல்லை. ஒரு மஞ்சள் மேகம். அதற்குள் ரதி எங்கே, ஆட்கள் எங்கே என்று ஒன்றும் தெரியாது. ஷட்டரைக் கூட்டினேன், குறைத்தேன், லென்சை வேட்டித் துணியால் துடைத்தேன், கிறுக்கன் மாதிரி. எரிந்து முடிந்துவிட்டது. கமிட்டிக்காரர்கள் பெனருக்குப் படம் கேட்டபோது, லயத்துப் பையன் ஒருவன் போனில் எடுத்ததைத்தான் கொடுத்தேன். அவன் படம் நன்றாகவே இருந்தது.

அன்று இரவு வீட்டுக்கு வந்து, லைட்டை அணைத்து, வளையத்தை 3.5இல் வைத்து, லென்சின் பின்பக்கத்தில் டோர்ச்சை வைத்து முன்பக்கமாகச் சாய்த்துப் பார்த்தேன். ஓரம் முழுக்க வெள்ளை நூல். நூல் என்றால் தனித்தனியாக இல்லை, ஒன்றில் இருந்து இரண்டாக, இரண்டில் இருந்து நாலாகக் கிளைத்து, பிடுங்கின புல்லின் வேர் மாதிரி நடுவை நோக்கி ஓடியிருந்தது. நூல் இல்லாத இடத்தில் பாத்திரத்து மூடியில் படிகிற ஆவி போல ஒரு மங்கல். டோர்ச்சைச் சரித்தால் தெரியும், நேராகப் பிடித்தால் மறையும். அம்மா எட்டிப் பார்த்துவிட்டு, "ஐயோ, பாசி புடிச்சிருக்குடா, தேயில மரத்துல புடிக்கிற மாதிரி" என்றார். முப்பது வருசம் கொழுந்து எடுத்த கண். எனக்கு மூன்று கிழமை எடுத்தது, அவருக்கு ஒரு நிமிசம்.

நம்ம ஊரில் இது எங்கும் நடக்கும். வித்து காற்றிலேயே இருக்கிறது. ஈரமும் இருட்டும் கொஞ்சம் தூசியும் கிடைத்தால் கண்ணாடியிலேயே வளரும். தோல் உறைக்குள் போட்டு அலுமாரியில் வைத்துவிட்டால் இன்னும் நல்லது, அதற்கு. இளசாக இருந்தால் பிரித்துத் துடைக்கலாம். நாளானால் அது விடுகிற அமிலம் கோட்டிங்கை அரித்துவிடும், அப்புறம் துடைத்தாலும் தடம் போகாது.

பனியையும் இந்த மங்கலையும் பிரித்தறிய நான் இப்போது செய்வது ஒன்றுதான். இரண்டு எட்டுத் தூரத்தில் ஒரு கறுப்புக் குடையைப் பிடிக்கச் சொல்லி எடுக்கிறேன். வெளியில் இருப்பது பனி என்றால் தூரத்து மலை வெளுத்திருக்கும், குடை கறுப்பாகவே இருக்கும். லென்சுக்குள் இருக்கிறது என்றால் குடையும் சாம்பல்தான்.

கடைக்குத் திரும்பிப் போனேன்.

"நான் தரும்போது இல்லையே. உங்க பக்கம் பனி அதிகம். மூணு கிழமையில புடிச்சிருக்கும்."

"மூணு கிழமையில கோட்டிங்க அரிக்குமா முதலாளி?" என்று கேட்டு, வாங்கிய மறுநாள் காலையில் எடுத்த அம்மாவின் படத்தைத் திகதியோடு காட்டினேன். கொஞ்ச நேரம் பேச்சில்லை. அப்புறம் லென்சின் பின்பக்கத்துச் சின்ன ஆணிகளைக் காட்டினேன். தலை எல்லாம் சிராய்ந்து பளபளத்தது, யாரோ ஏற்கெனவே கழற்றிப் பூட்டிய தடம். இதை நான் முதல் நாளே கண்டிருந்தேன், பழசென்றால் இப்படித்தான் என்று விட்டுவிட்டேன். "அது எனக்குத் தெரியாது, நான் வாங்கி விற்கிறவன்" என்றார். பில்லை நீட்டினேன். "இதுல எந்த லென்சுன்னு போட்டிருக்கா?" என்று அவரே கேட்டார், சிரித்துக்கொண்டு.

நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு 1977 என்ற இலக்கத்தில் முறைப்பாடு சொல்லலாம், எனக்கும் தெரியும். ஆனால் 'பாவித்த லென்ஸ் 1' என்ற துண்டை வைத்துக்கொண்டு நான் எதை நிரூபிப்பது? அதனால் சொல்கிறேன், பில்லில் லென்சின் பெயர், தொடர் இலக்கம், 'பூஞ்சணம் இல்லை' என்ற இரண்டு சொல், மூன்றும் எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதத் தயங்கினால் இறங்கி வந்துவிடுங்கள். வெயில் உள்ள நேரமாகப் போங்கள், மழை மாலையில் போகாதீர்கள். வளையத்தை நீங்களே 3.5க்குத் திருப்பி, பின்பக்கமாக டோர்ச் அடித்து, லென்சைச் சாய்த்துச் சாய்த்துப் பாருங்கள், சூமை 70இலும் 210இலும் வைத்து இரண்டு தடவை. ஒன்றிரண்டு தூசி கிடந்தால் பரவாயில்லை, படத்தில் வராது. அப்புறம் கடை வாசலுக்கு வந்து வெளிச்சத்துக்கு நேராக ஒரு படம். கலண்டரை எடுத்துக் காட்டினால் சிரித்துவிட்டு வாசலுக்குக் கூப்பிடுங்கள். நல்ல லென்ஸ் விற்கிறவர் வாசலுக்கு வருவார்.

வாங்கிய பிறகும் பராமரிப்பு உண்டு. என்னிடம் இப்போது இருக்கும் இன்னொரு பழைய லென்ஸ் காற்றுப் புகாத சாப்பாட்டுப் பெட்டிக்குள், சிலிக்கா ஜெல்லோடு இருக்கிறது. நீல மணி இளஞ்சிவப்பானால் சட்டியில் வறுத்துத் திரும்பப் போடுகிறேன். சிலர் அரிசி போடுகிறார்கள். அரிசி மா லென்சுக்குள் போனால் அதுவே பூஞ்சணத்துக்குச் சாப்பாடு.

மூன்றாவது தடவை போனபோது, கடையில் வேறு ஆட்கள் நின்றதால்தானோ என்னவோ, 15,000 தந்து லென்சை வாங்கி வைத்துக்கொண்டார். இரண்டு வளையமும் என் கையில்.

இந்தப் பதிவை அன்றே எழுதியிருக்கலாம், விட்டுவிட்டேன். நேற்று ஒரு தம்பி, "அண்ணே, இது நல்ல லென்சா? 22 நம்பர், கிரோன் செஞ்சது" என்று வட்ஸ்அப்பில் ஒரு விளம்பரத்தை அனுப்பியிருந்தான். 42,000 ரூபா, 'கண்ணாடி புதுசு போல' என்று எழுதியிருந்தது. பெரிதாக்கித் தொடர் இலக்கத்தைப் பார்த்தேன். என்னுடையதுதான். உள்ளே கண்ணாடி தெரிகிற மாதிரி நேராக வைத்து எடுத்த படம், நடுவில் மிளகளவு ஓட்டை, பளபளவென்று சுத்தம். அபெர்ச்சர் வளையம் 22இல் நிற்கிறது.